ஏலம் போன வீட்டில் எத்தனை நாள்?



உருத்திரபுரத்தில் மேடையேறுகிறவர்கள் சிவன் கோயிலைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது இரணைமடுக் குளத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்றைக்கு வீட்டுக் கதவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பது வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் நான். கூட்டில் ஏறியவர் சொல்வதை மற்ற மொழியில் சொல்வதுதான் வேலை. அதில் என் சொல் ஒன்றுகூடச் சேரக்கூடாது. அப்படிச் சேர்க்காமல் விட்ட சொற்களில் ஒன்றைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அது 2018ஆம் ஆண்டு ஆடி மாதம். எனக்கு அக்கா முறையான ஒருவர், பரந்தன் பக்கம் இருக்கிறார். அத்தான் அரிசி ஆலை போட்டிருந்தார். ஆலையும் வீடும் ஒரே வளவு, உறுதிக் காணி. மீள்குடியேறி வந்த பிறகு வங்கியில் கடன் எடுத்துக் கட்டியது. இரண்டு போகம் நெல் இல்லாமற் போக, தவணை தவறியது. வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தது, பத்திரிகைகளில் அறிவித்தல் வந்தது, ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த வளவுக்குள்ளேயே மாமரத்தடியில் ஏலம் கூறினார்கள். ஏலக்காரர், வங்கி அலுவலர் இருவர், வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர். வளவுக்குள் வந்தவர்களை வெறுவாயோடு அனுப்பக் கூடாதென்று அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. தன் வீட்டை வாங்க வந்தவர்களுக்குத்தான்.

பின்னேரம் வாங்கினவரின் ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள எழும்புங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் செவ்வாய். மற்ற நாள் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ரக்ரர் பெட்டி நிற்கிறது. நெல் மூட்டை, தையல் மெசின், சாமிப் படங்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அத்தான் ஏணியில் நின்று யன்னலைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு கதவுகள் ஏற்கெனவே பெட்டிக்குள் படுத்திருந்தன.

"ஏன் கதவைக் கழற்றிறியள்?" என்று கேட்டேன்.

"எழும்பிறம் எண்டா கழற்றிக்கொண்டுதானே போறது" என்றார்.

அந்தப் பதிலை வன்னிக்கு வெளியே யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. 1996இல் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை வந்தபோது எழும்பினோம். 2008 கடைசியில் மறுபடி எழும்பினோம். எழும்பும்போது ஓட்டைக் கழற்றினோம், தகரத்தைக் கழற்றினோம், கதவு நிலையைப் பெயர்த்தோம். போகிற இடத்தில் அதுதான் அடுத்த வீடு. யாரோ வந்து நாள் குறித்தால் அந்த நாளுக்கு முன்னரே கிளம்பிவிட வேண்டும் என்பது எங்கள் சனத்தின் கைகால்களிலேயே ஊறிவிட்டது. அது எங்களை உயிரோடு காப்பாற்றிய பழக்கம். ஆனால் ஏலம் கூறிய வீட்டில் அதே பழக்கம் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. சொல்ல வந்தது இதுதான்.

நம்மூர்ப் பத்திரிகைகள் 'பராட்டே சட்டம்' என்று எழுதுகிற சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உரோமன்-டச்சுச் சட்டம் வழியாக வந்த சொல் அது. தாமதமில்லாமல் நிறைவேற்றுவது என்று பொருள். அரச வங்கிகளுக்கு இந்த அதிகாரம் முன்னரே இருந்தது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வங்கிகள் கடன் அறவிடுவதற்கான விசேட ஏற்பாடுகள் சட்டம், அதை ஏனைய வணிக வங்கிகளுக்கும் கொடுத்தது. வழக்குப் போடாமல், நீதவான் முகம் பார்க்காமல், ஈடு வைத்த காணியை வங்கி தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பேரில் ஏலத்தில் விற்கலாம். தீர்மானத்தை வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் மூன்று மொழிகளிலும் போட வேண்டும். விற்பனை அறிவித்தலை ஏல நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் போட வேண்டும். ஏல நாளுக்கு முன் நிலுவையும் வட்டியும் செலவும் கட்டினால் ஏலம் நிற்கும். 2011இல் வந்த திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இந்த வழியில் போக முடியாது என்று வரம்பு வைத்தது.

இவ்வளவு வேகமான சட்டம் ஒரே ஒரு இடத்தில் நின்று நிதானிக்கிறது. வீட்டை விற்பதற்கு நீதிமன்றம் தேவையில்லை என்கிற அதே சட்டம், வீட்டில் இருப்பவரை வெளியேற்றுவதற்கு நீதிமன்றம் தேவை என்கிறது. விற்பனைச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்கினவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்கோ காணி இருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கோ போய், வெறுமையான உடைமையைத் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். சுருக்க முறையில் அது விசாரிக்கப்படும். கட்டளை கிடைத்த பிறகு, மன்றின் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்து ஒப்படைக்க வேண்டும். இதற்கு 16ஆம் பிரிவு என்று பெயர். ஏலக்காரரின் சுத்தியலுக்கும் பிஸ்காலின் கைக்கும் இடையில் இருக்கிற அந்தக் காலம்தான் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு விடை. இத்தனை நாள் என்று சட்டத்தில் இலக்கம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்றும் இல்லை.

எங்கள் அக்கா விஷயத்தில் அந்தக் காலம் எப்படி ஓடியது என்று சொல்கிறேன். ஏலம் கூறிய அன்று வாங்கினவர் விலையில் 10 வீதம் கட்டினார். பிரதேச சபைக்கு 1 வீதம், ஏலக்காரருக்கு அவருடைய தரகு. மிச்சம் 90 வீதத்துக்கு 30 நாள் தவணை. இது ஏல அறிவித்தல்களில் வழமையாக இருக்கிற நிபந்தனைதான். அறிவித்தலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆகவே அந்த மாலை மோட்டார் சைக்கிளில் வந்தவர்களை அனுப்பினவர் முழுப் பணத்தைக்கூட இன்னும் கட்டவில்லை, சான்றிதழ் அவர் கையில் இல்லை. அப்படிப்பட்டவர் நாள் குறிக்க, சொந்தக்காரர் ஏணியில் ஏறி யன்னலைக் கழற்றினார். சான்றிதழ் பிறகு எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டது. ஐப்பசியில் நீதிமன்ற அறிவித்தல் வீட்டுக்கு வந்தது. அதற்குள் அக்கா சட்டத்தரணி ஒருவரைப் பார்த்திருந்தா. ஏலத்தில் குறை ஒன்றும் இல்லை, எதிர்த்து வழக்காட இடமில்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் திறந்த மன்றில் எழும்பி, பிள்ளைக்கு மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை, கால அவகாசம் வேண்டும் என்று கேட்டார். வாங்கினவரின் சட்டத்தரணியும் சம்மதித்தார். மாசி மாதம் வரைக்கும் தவணை கிடைத்தது.

ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் மகள் பரீட்சை எழுதினாள். அத்தான் ஆலை மெசினுக்கு விலை பேசினார். அக்கா உருத்திரபுரத்தில் தாய்வழிக் காணியில் இரண்டு அறை போட்டு முடித்தா. வெள்ளிக்கிழமை எழும்பியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

கதவுக் கதைக்கு வருகிறேன். இடம்பெயரும்போது கதவு எங்களுடையது. ஏலத்துக்குப் பிறகு கதவு எங்களுடையது அல்ல. சுவரோடு பொருத்தியது, நிலத்தோடு பொருத்தியது எல்லாம் நிலத்தின் பங்கு. நிலம் போனால் அதுவும் போகும். தையல் மெசினை ஏற்றலாம், கதவை ஏற்றக்கூடாது. அந்த இரண்டு கதவுகளோடு ரக்ரர் பெட்டி பரந்தன் சந்தியைத் தாண்டியிருந்தால், கடனாளியாக இருந்த மனிதர் பொலிஸ் முறைப்பாட்டில் சந்தேகநபராகவும் ஆகியிருப்பார். அன்றைக்கு மத்தியானமே கதவுகளை இறக்கி, அதே பிணைச்சலில் திரும்பப் பூட்டினோம். அத்தான் அன்று என்னோடு கதைக்கவேயில்லை.

வாங்கினவர் ஆள் விட்டு உங்களை இழுத்து வெளியே போட்டால் என்ன செய்வது? முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் காணிப் பிணக்காக அது மன்றுக்குப் போகும். தகவல் பதியப்படுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று மன்று கண்டால் உங்களை மறுபடி உள்ளே விடும்படி கட்டளையிடலாம். அங்கே உறுதி யாருடையது என்பது கேள்வி இல்லை. யார் உள்ளே இருந்தார், யார் தூக்கி எறிந்தார் என்பதே கேள்வி. அது தவிர, சட்ட வழியில்லாமல் உடைமை இழந்தவர் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெறலாம் என்று 1871ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்லிவருகிறது. வெள்ளைக்காரன் எழுதிய அந்தப் பழைய வரி, எங்கள் சனத்துக்கு நடந்தவற்றை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் படுகிறது.

பிஸ்கால் கட்டளையோடு வந்து நின்றால் விஷயம் வேறு. அங்கே படலையைப் பூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் நீதிமன்றத்தின் கை. தடுத்தால் அது வாங்கினவரோடு சண்டை அல்ல, மன்றோடு சண்டை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏலம் போன வீட்டில் கடனாளி இல்லாமல், உரிமையோடு வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தால் அவர்களைத் தூக்கி வெளியே போட 16ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. விற்பனை நடந்தது என்று மூன்று மொழிகளிலும் எழுதிக் காணியில் பலர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, பறையடித்தோ ஊர்வழமைப்படியோ அறிவித்து, கடனாளியின் உரித்து இன்னாருக்கு மாறிவிட்டது என்று சொல்வதுதான் அங்கே 'ஒப்படைப்பு'. இனி வாடகையை அவருக்குக் கட்டு என்பதே அதன் பொருள். ஆனால் கடனாளி ஈடு வைத்த பிறகு அவரிடமிருந்து உரித்து வாங்கி வந்தவருக்கு இந்தக் காப்பு இல்லை. ஆகையால் வாடகை ஒப்பந்தத்தில் திகதி முக்கியம். வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருக்கிறவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். ஒரு துண்டுக் கடதாசியாவது எழுதி வையுங்கள்.

இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஏலத்தில் வேறு யாரும் கேட்காமல் வங்கியே காணியை எடுத்துக்கொள்வது உண்டு. அப்படியானால் வங்கி அதை மறுபடி விற்கும்வரை, கடனும் வட்டியும் செலவும் முழுதாகக் கட்டுகிறவருக்கு விற்பனையை இரத்துச் செய்து காணியைத் திருப்பித் தர பணிப்பாளர் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தரலாம். வெளிநாட்டில் இருக்கிற தம்பியோ மகனோ காசு அனுப்பக்கூடிய வீடுகளுக்கு அந்த 'தரலாம்' என்ற சொல் பெரிய சொல். ஏலம் முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று வீட்டைப் பூட்டிச் சாவியை வங்கி மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். யார் வாங்கினது என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது உருத்திரபுரத்துக்கு வருகிறேன். இங்கே பராட்டே ஏலம் அடிக்கடி நடப்பதில்லை. வங்கிகள் எங்கள் மீது இரக்கம் வைத்திருப்பதால் அல்ல. காட்டை வெட்டி வாய்க்கால் வழியே அளந்து தந்த காணி இது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் என்கிற அனுமதிப்பத்திரத்திலும் அளிப்பிலும் இருக்கிறது. பெர்மிட் காணியைக் கடனுக்காகக் கைப்பற்றி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் நீங்களும் விற்க முடியாது. இந்தியாவின் உதவியில் 550,000 ரூபாவுக்குக் கட்டிய வீடுகளில் எத்தனையோ வீடுகள் இப்படிப்பட்ட காணிகளில்தான் நிற்கின்றன. பெர்மிட்டை வைத்துப் பெரிய கடன் எடுக்க முடியவில்லை என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனால் அதே பெர்மிட்தான் 2021இல் இரசாயனப் பசளை தடைப்பட்டு நெல் பதராய்ப் போனபோதும், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி கூட்டி 14.5 வீதமாக்கியபோதும், இந்த ஊரின் தலைக்கு மேல் கூரையை வைத்திருந்தது. உறுதிக் காணியில் தொழில் நடத்தியவர்கள் நாடெங்கும் ஏல அறிவித்தல்களில் பெயர் பார்த்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் நாடாளுமன்றம் 2024இல் பராட்டே நடவடிக்கைகளை அந்த ஆண்டு டிசெம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. பிறகு அது 2025 மார்ச் 31 வரை நீண்டது. இப்போது அந்தத் தடுப்பு இல்லை.

2024 பெப்ரவரியில் 'உறுமய' என்ற பெயரில் பெர்மிட்டையும் அளிப்பையும் முழு உரித்து உறுதியாக மாற்றித் தரும் திட்டம் தொடங்கியது. முழு உரித்து கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் தகப்பன்மார் வெட்டிய காணியை எங்கள் பெயரில் எழுதித் தருவதில் என்ன குறை? ஆனால் கையில் உறுதி வருகிற அன்றைக்கே பெர்மிட் தந்த காப்பு கழன்றுவிடுகிறது என்பதை ஒருவரும் அந்த உறுதியோடு சேர்த்துச் சொல்லித் தருவதில்லை. உறுதியை வாங்குகிற கை, ஏல அறிவித்தலையும் படிக்கத் தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

வங்கியைவிட எங்களைக் கூடுதலாக வெளியேற்றுவது வேறொன்று: கைமாற்றுக் கடன். 'ஈடு எழுதினா நொத்தாரிசுச் செலவு கூட, அறுதியா எழுதுவம், காசு தந்தா திருப்பி எழுதித் தாறன்' என்கிறார் கடன் கொடுப்பவர். ஐந்து இலட்சத்துக்கு முப்பது இலட்சக் காணி அறுதி உறுதியில் போய்விடும். தவணை தவறியதும், 'என்ர காணி, எழும்பு' என்பார். அவருக்கும் நீதிமன்றம் போகாமல் உங்களை எழுப்ப வழியில்லை. இந்த இடத்தில் உள்ளே இருப்பது வெறும் கால அவகாசம் அல்ல, அதுவே சாட்சி. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, உரித்தின் பயனையும் சேர்த்துக் கொடுக்க எண்ணி எழுதியதாகச் சூழ்நிலையைப் பார்த்தால் தெரியாவிட்டால், வாங்கினவர் அதை எழுதியவருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்ளச் சொல்கிறது. சூழ்நிலை என்றால் என்ன? விலை பெறுமதிக்கு மிகக் குறைவு. எழுதிய பிறகும் எழுதியவரே வீட்டில் இருக்கிறார், கிணற்றை அவரே இறைக்கிறார், பிரதேச சபை வரியை அவரே கட்டுகிறார். இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு மன்று குறித்துக்கொள்வதை நான் எத்தனையோ வழக்குகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். பயந்து வீட்டை விட்டுப் போனவர் தன் வழக்கின் பாதியைத் தானே வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். இப்படிப்பட்ட தனியார் கடன்களுக்கும் நிபந்தனைக் கைமாற்றங்களுக்கும் கடன் இணக்கச் சபை என்று ஒன்று 1941ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து இருக்கிறது. தவணை முடியுமுன் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில், வங்கிக் கடன் அறவீட்டுக்கான இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வரிசையில் போகிறது. அங்கே வங்கி 60 நாள் அறிவித்தல் கொடுத்து, முதலில் வீட்டின் உடைமையைக் கைக்கொண்டு, பிறகு விற்கிறது. எங்களுக்கு முதலில் விற்பனை, பிறகு உடைமை. கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, விற்பனை அறிவித்தல் வந்தால் கடனை மீட்க 35 நாள். அமெரிக்காவில் வாடகைக்கு இருப்பவருக்கு 90 நாள் தர வேண்டும் என்ற சட்டம் 2009இல் வந்து 2018இல் நிரந்தரமானது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது தென்னாபிரிக்கா. எங்களைப் போலவே உரோமன்-டச்சுச் சட்டத்தில் வளர்ந்த நாடு. அங்கே ஒரு ஏழைப் பெண் கடனுக்கு வாங்கிய மரக்கறியின் விலை 190 ராண்ட். அந்தக் கடனுக்காக அரச உதவியில் கிடைத்த அவருடைய வீடு ஏலம் போனது. 2004இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஜஃப்தா வழக்கில், நீதவான் ஒருவர் சூழ்நிலையை ஆராய்ந்து பார்க்காமல் இப்படி ஒருவரின் வீட்டை விற்கக்கூடாது என்றது. அவர்கள் விற்பதற்கு முன்பே நீதவானை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அவரை விற்ற பிறகு, கதவடியில் நிறுத்தியிருக்கிறோம். குடியிருக்கும் வீடு என்றால் இங்கேயும் ஏலத்துக்கு முன்னரே நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. கேட்பது எங்கள் வேலை.

அக்காவின் விஷயத்தை முடிக்கிறேன். 2019 மாசியில் ஒரு காலை பிஸ்கால் உத்தியோகத்தர் வந்தார். கட்டளையிலிருந்த அட்டவணையை வாசித்து, வடக்கே வீதி, கிழக்கே வாய்க்கால் என்று எல்லையைச் சரிபார்த்தார். அறை அறையாகப் போய் எழுதினார். சாமான்கள் முதல் நாளே ஏற்றியாகிவிட்டன. அக்கா சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வைத்தா. வாங்கினவரும் வந்திருந்தார், இந்த முறை தேத்தண்ணி இல்லை, அடுப்பு போய்விட்டது. பழக்க தோஷத்தில் பிஸ்காலின் அறிக்கையை நான் வாங்கி வாசித்துப் பார்த்தேன். கதவு 7, யன்னல் 11, கிணற்றுக் கப்பியும் கயிறும் 1 என்று எழுதியிருந்தார். எல்லாம் இருந்தன.